இர்விங் பென் கண்காட்சி: கைபேசியில் பார்த்த படங்களைச் சுவரில் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

நூலாடை 2024இல், கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது கேட்டது:

சான் ஃபிரான்சிஸ்கோவில் டி யங் அருங்காட்சியகத்தில் இர்விங் பென்னின் ஒளிப்படக் கண்காட்சி நடந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 175 படங்கள், ஜூலை வரை இருக்கும். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா, சித்தியோடு போன வாரம் போயிருந்தேன். கூட்டம் அதிகம். அவர்களுக்குக் கால் வலி வேறு, அவசர அவசரமாகச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

வரும் வழியில் சித்தப்பா கேட்டார்: "இதெல்லாம் பத்திரிகையில் துணி விற்க எடுத்த படமும், நடிகர்களை எடுத்த படமும்தானே? கைபேசியில் தட்டினால் எல்லாமே வருகிறது. இதற்கு ஏன் டிக்கெட்?" எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளவும் மனம் இல்லை.

நான் தையல்காரி. ரவிக்கையில் தொடங்கி இப்போது நாடகக் குழுக்களுக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன். அதனால் என் கண் துணிமேல்தான் போகும். பலென்சியாகா என்ற ஆடை வடிவமைப்பாளரின் உடையில் கைப்பகுதியை மட்டும் காட்டுவதற்காகவே எடுத்தது போன்ற ஒரு படம், 1950இல் பாரிஸில் எடுத்தது. உப்பிய கருப்புக் கை படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. பிறகு அதே ஆண்டு, அதே பாரிஸில் எடுத்த தெரு வியாபாரி ஒருவரின் படம். வெள்ளரிக்காய் விற்பவர். பின்னால் இருக்கும் திரையைப் பார்த்தேன். பலென்சியாகா உடை அணிந்த அந்தப் பெண்ணுக்குப் பின்னால் தொங்கிய அதே சாம்பல் திரை போலத் தெரிந்தது. ஒரே திரைதானா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

தனியாக இன்னொரு முறை போகப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோரத்தான்:

நானும் பார்த்தேன். உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் 1967 படங்கள் இருக்கும் பகுதியில்தான் மொய்க்கிறார்கள். அந்த ஆண்டு பென் இங்கே வந்து ஹிப்பிக் குடும்பங்களையும், ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பலையும், பாட்டுக் குழுக்களையும் லுக் இதழுக்காகப் படம் எடுத்தார். கிரேட்ஃபுல் டெட் குழுவும், ஜானிஸ் ஜாப்ளின் பாடிய குழுவும் ஒரே படத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஊரின் வரலாறு என்பதால் இங்கே அதற்குத் தனி மவுசு.

ஃபேஷன் படம் என்றால் எனக்கு ரிச்சர்ட் அவெடன்தான். 1955இல் பாரிஸ் சர்க்கஸ் ஒன்றில் இரண்டு பக்கமும் யானைகளை நிறுத்தி, நடுவில் மாடல் டோவிமாவை டியோர் உடையில் நிற்க வைத்தாரே, அதில் இருக்கும் துடிப்பு பென்னிடம் இல்லை. பென்னின் பெண்கள் சிலை போல நிற்கிறார்கள். நூலாடை அக்கா, உங்களுக்கு அந்த அசைவின்மை உறுத்தவில்லையா?

இருட்டறை:

நூலாடை அவர்களுக்கு: உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒரே திரைதான்.

உங்கள் சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆமாம், இவை பத்திரிகைக்காக எடுத்த படங்கள்தாம். பென் 1943இல் வோக் என்ற ஃபேஷன் இதழில் சேர்ந்தார். துணி, முகம், பழக்கூடை, வாசனைத் திரவியப் புட்டி என்று எல்லாவற்றையும் எடுத்தார். கடைசிவரை அந்த இதழுக்குப் படம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் படங்கள் தாளில் அச்சாகி வந்த விதம் அவருக்கே பிடிக்கவில்லை. ஐம்பதுகளில் அந்த வருத்தம் முற்றியது. 1964 முதல் தம் பழைய நெகட்டிவ்களை எடுத்து வைத்துக்கொண்டு பிளாட்டினத்தில் பிரிண்ட் போடத் தொடங்கினார். கண்காட்சியில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவின் டார்க் ரூமில் தொழில் கற்றவன். அமெரிக்கா வந்த பிறகும் அச்சிடும் வேலைதான். ஒரு படத்தின் முன்னால் நின்றால் முதலில் முகத்தைப் பார்க்கத் தோன்றாது, தாளைப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நாமெல்லாம் பார்த்து வளர்ந்த கருப்பு வெள்ளைப் படம் வெள்ளி உப்பில் உருவானது. தாளின்மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும், அந்தப் பூச்சுக்குள்தான் படம் இருக்கும். பிளாட்டினம் பிரிண்டில் அந்தப் பூச்சே கிடையாது. பிளாட்டினம், பல்லேடியம் உப்புகளை இரும்பு உப்போடு கலந்து தாளில் கையால் பூசுவார்கள். ஒளி பட்டுக் கழுவி முடித்தால் உலோகம் தாளின் நாருக்குள்ளேயே தங்கிவிடும். பளபளப்பு இராது. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பலில் எத்தனை படிகள் உண்டோ அத்தனையும் கிடைக்கும். அந்தப் படம் எந்த வகைப் பிரிண்டோ, சுவரில் கருப்புக் கையின் மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு தெரிந்ததல்லவா? பத்திரிகைத் தாளில் அந்த இடம் மை அப்பியது போல இருந்திருக்கும். கைபேசித் திரையிலும் அநேகமாக ஒரே இருட்டுதான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பிளாட்டினம் பூசிய தாள் ஒளிக்கு மிக மந்தமானது, சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் வெளிச்சம் அதற்குப் போதாது. நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்துப் புற ஊதா ஒளியைக் காட்ட வேண்டும். அப்படியென்றால் பிரிண்ட் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும். பென் முதலில் பெரிய நெகட்டிவ் தயாரித்துக்கொண்டார். அதோடு ஒரே தாளில் பலமுறை பூசி, பலமுறை ஒளி காட்டினார். நனைந்த தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். இரண்டாம் முறை நெகட்டிவ் மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் இமை இரட்டையாகிவிடும். அதனால் தாளை அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் ஊசிகள் வைத்து, ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் அதே இடத்தில் வந்து அமரும்படி செய்தார். வோக்கில் பெயர் பெற்ற ஒரு மனிதர், யாரும் கேட்காமல், தம் சொந்த நேரத்தில், தம் கையால் செய்த வேலை இது. இதற்காக டிக்கெட் வாங்கலாம் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது படத்தின் பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். வெள்ளியா, பிளாட்டினமா என்று போட்டிருப்பார்கள். இரண்டில் ஒவ்வொன்றைத் தேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். வெள்ளிப் பிரிண்ட் விளக்கைத் திருப்பிக் காட்டும், பிளாட்டினம் காட்டாது. சிகரெட் துண்டுப் படங்களையும் தவற விடாதீர்கள். 1972இல் தெருவில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிவந்து எடுத்தவை. 1975இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவற்றைத் தொங்கவிட்டார்கள். மிதித்து நசுங்கிய காகிதத்தில் எழுத்துகூடத் தெரியும்.

இப்போது அந்தத் திரை. பாரிஸில் கிடைத்த பழைய நாடகத் திரை அது. 1950இல் அங்கே ஒரு மேல்மாடியில், வடக்கிலிருந்து பகல் வெளிச்சம் வரும் ஸ்டுடியோவில் அதைக் கட்டினார். பெரிய பெரிய தையல் நிறுவனங்களின் உடைகளில் மாடல் லிசா ஃபொன்சக்ரீவ்ஸ் அதன் முன்னால்தான் நின்றார். இடையிடையே கசாப்புக்கடைப் பையன்களும், பலகாரம் செய்பவர்களும், நீங்கள் பார்த்த வெள்ளரிக்காய்க்காரரும் வேலை உடையோடும் கருவிகளோடும் மாடி ஏறி வந்து அதே திரைக்கு முன்னால் நின்றார்கள். ஆள் தேடிக் கொடுத்தவர்களில் ஒளிப்படக் கலைஞர் ராபர்ட் துவானோவும் ஒருவர். பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் இதே போலத் தொழிலாளிகளை எடுத்தார். மூன்று ஊர்க்காரர்களும் நடந்துகொண்ட விதத்தைப் பென்னே எழுதியிருக்கிறார். பாரிஸ்காரர்கள் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தாலும் பணத்துக்காக வந்தார்களாம். லண்டன்காரர்கள் தங்கள் வேலையைப் பெருமையாக நினைத்து, நேரத்துக்கு வந்து நின்றார்களாம். நியூயார்க்கில் சிலர் அழுக்கு உடையை மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் வந்துவிட்டார்களாம்.

அந்தத் திரையைப் பென் ஆயுள் முழுவதும் கூடவே வைத்திருந்தார். 2017இல், அவருடைய நூற்றாண்டில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இதே கண்காட்சியை முதலில் நடத்தியபோது திரையையும் தொங்கவிட்டிருந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் வெறும் சாம்பல் திட்டுகள்தாம்.

கடலோரத்தான் தம்பிக்கு: அவெடனின் யானைப் படத்தை நானும் விரும்புகிறேன். ஆனால் பென்னிடம் அசைவு இல்லை என்று சொல்லாதீர்கள். 1948இல் பெரு நாட்டின் லிமாவில் ஒரு காபிக் கடையில் மாடல் ஜீன் பாட்செட் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பாருங்கள். முத்து மாலையைக் கடித்துக்கொண்டிருப்பார், காலணி காலிலிருந்து கழன்றிருக்கும். எதிரில் ஓர் ஆண் இருக்கிறார். காத்திருந்து காத்திருந்து சலித்த ஒரு பெண் அவர். உடை விற்பதற்கான படத்தில் அந்தச் சலிப்பைப் போட்டதுதான் புதுமை.

நட்சத்திரங்களை எடுத்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948இல் ஸ்டுடியோவில் இரண்டு தட்டிகளைக் குறுக்கிச் சேர்த்து ஒரு மூலையை உண்டாக்கினார். புகழ் பெற்றவர்களை அதற்குள் நிற்கச் சொன்னார். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கு அந்த மூலை போதாதது போல இருக்கிறது. ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் அதற்குள் சின்னதாகிவிடுகிறார். எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி பெரிய கோட்டுக்குள் ஒடுங்கி நாற்காலிமேல் மண்டியிட்டிருக்கிறார். மேசையும் மாளிகையும் காட்டி மதிப்பைச் சொல்லும் படங்கள் வந்த காலத்தில், சாய்ந்துகொள்ள இரண்டு பலகையைத் தவிர வேறொன்றும் இல்லை. இதே கபோட்டியை 1965இல் மறுபடியும் எடுத்தார். கண் மூடியிருக்கிறது, கையில் மூக்குக்கண்ணாடி. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பதினேழு ஆண்டுப் புகழ் ஒரு மனிதனை என்ன செய்தது என்று தெரியும்.

மண்வாசல்:

இருட்டறை ஐயா எழுதியதைப் படித்து நிறையத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே திரை, ஒரே வெளிச்சம், ஆகவே எல்லோருக்கும் ஒரே மரியாதை என்று சொல்வது போலத் தெரிகிறது. குறிப்புகளைப் படிக்கச் சொன்னீர்கள், அதையே படித்துப் பார்ப்போம். லிசாவுக்குப் பெயர் இருக்கிறது. கபோட்டிக்குப் பெயர் இருக்கிறது. வெள்ளரிக்காய்க்காரருக்குத் தொழில் மட்டும்தான். மீன் விற்பவர், லண்டன், 1950. பெரு நாட்டின் குஸ்கோவில் எடுத்த அண்ணன் தங்கைக்கு அதுவும் இல்லை, "குஸ்கோ குழந்தைகள்" என்றுதான் இருக்கிறது.

1967 முதல் 1971 வரை தஹோமி (இன்றைய பெனின்), நேபாளம், கேமரூன், நியூ கினி, மொராக்கோ என்று ஸ்டுடியோவாகப் பயன்படும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வோக் இதழுக்காக எடுத்தாரே, அங்கே எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. வீடு, வயல், மரம் எல்லாவற்றிலிருந்தும் அந்த மனிதர்களைப் பிரித்து, சாம்பல் துணிக்கு முன்னால் நிறுத்திவிட்டால் அவர்களுடைய உடம்பும் அணிகலனும்தான் மிஞ்சுகின்றன. ஃபேஷன் இதழின் வாசகிக்கு அதுவும் ஓர் உடையாகத்தானே போய்ச் சேர்ந்திருக்கும்? கபோட்டியை அவருடைய அறையிலிருந்து பிரித்தால் அவருடைய புத்தகங்கள் வெளியே இருக்கின்றன, அவர் யார் என்று உலகுக்குத் தெரியும். நியூ கினி மனிதருக்கு அந்தப் படத்துக்கு வெளியே நமக்குத் தெரிந்த வாழ்க்கை ஏதும் இல்லை. திரை ஒன்றாக இருந்தாலும் அது இரண்டு பேருக்கும் செய்வது ஒன்றல்ல.

இருட்டறை:

மண்வாசல், பெயர் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதற்கு மறுப்பு எதுவும் என்னிடம் இல்லை. அச்சுக்கலையைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அந்தக் குறை அப்படியேதான் நிற்கும்.

கூடாரத்தைப் பற்றிப் பென் 1974இல் வெளியிட்ட நூலில் தம் பக்கத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கூடாரம் அவர்களுடைய வீடும் அல்ல, தம்முடைய வீடும் அல்ல, இருவருக்கும் பொதுவான இடம் என்பது அவருடைய எண்ணம். நம்பிச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூடாரத்தைக் கொண்டுவந்தவரும், படத்தைக் கொண்டுபோனவரும் அவர்தான். பொது இடம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்தது, எதிரில் நின்றவருக்கு இல்லை.

குஸ்கோவை மட்டும் இவற்றோடு சேர்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. 1948 டிசம்பரில் லிமாவில் ஃபேஷன் வேலையை முடித்துவிட்டுப் பென் தனியாகக் குஸ்கோ போனார். அங்கே ஓர் உள்ளூர்க்காரரின் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். கிறிஸ்துமஸ் நேரம். குடும்பப் படம் எடுத்துக்கொள்ள மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் தாங்களாகவே அந்த ஸ்டுடியோவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள், வழக்கமான ஸ்டுடியோக்காரர் இருந்த இடத்தில் அந்நியர் ஒருவர் நிற்பதையும், அவர் தங்களுக்குக் காசு கொடுப்பதையும் பார்த்தார்கள். கூடாரம் அவர்களைத் தேடிப் போகவில்லை, அவர்கள் தங்கள் ஊர் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். படம் எடுத்துக்கொள்வது என்றால் என்னவென்று தெரிந்தவர்கள்.

அந்தப் பையனையும் பெண்ணையும் மறுபடியும் பாருங்கள். நடுவில் சின்ன மேசை, இரண்டு பக்கமும் முழங்கையை ஊன்றி நிற்கிறார்கள். கால் வெறுங்கால். முகம் பெரியவர்களுடைய முகம். கும்பகோணத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஸ்டுடியோவில் வந்து நின்ற பிள்ளைகள் எல்லோரும் காமிராவை இப்படித்தான் பார்ப்பார்கள். அதட்டி நிற்க வைத்ததால் வருகிற முகம் அல்ல அது. இது நம் படம், நாளைக்கு வீட்டில் தொங்கப்போகிறது என்று நினைக்கிற பிள்ளைக்கு வருகிற முகம். பெயர் இல்லாதது அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

நூலாடை:

இரண்டு பேருக்கும் நன்றி. குறிப்பில் பெயர் இல்லாதவர்களின் பட்டியலில் நான் இன்னொருவரையும் சேர்க்கிறேன். அந்தக் கையைத் தைத்தவர். பலென்சியாகாவின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது, அணிந்தவர் ரெஜின் தெப்ரீஸ் என்பதும் அடைப்புக்குள் இருக்கிறது. ஊசி பிடித்த கை யாருடையது என்று எங்கும் இல்லை. பலென்சியாகாவின் தாயார் தையல்காரி, அவரும் தாமே வெட்டித் தைக்கத் தெரிந்தவர் என்று படித்திருக்கிறேன். அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவருடைய தையலறையில் எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள்!

இருட்டறை ஐயா, இன்னொரு கேள்வி. லிசா நிற்கிற நிலை எப்படி அவ்வளவு இயல்பாக வருகிறது? நான் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறவர்களுக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரிவதில்லை. அப்புறம், கண்காட்சிப் புத்தகத்தை வாங்கலாமா?

இருட்டறை:

அம்மா, லிசா நடனம் பயின்றவர். ஸ்வீடனில் பிறந்து பாரிஸில் ஆடிக்கொண்டிருந்தவர். 1939இல் எர்வின் ப்ளூமென்ஃபெல்ட் அவரை ஈஃபில் கோபுரத்தின் விளிம்பில், உடை காற்றில் விரிய நிற்க வைத்து எடுத்த படத்தைப் பார்த்தால் அந்த உடம்புக்கு என்ன தெரியும் என்று புரியும். பென் பாரிஸில் பகல் வெளிச்சத்தில் எடுத்தார், அசையாமல் நிற்க வேண்டும். நடனக்காரி அசையாமல் நிற்பதற்கும், சும்மா ஒருவர் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. அவர் இடுப்பிலிருந்து நிற்கிறார், கை கடைசியில்தான் வந்து சேர்கிறது. உங்கள் நாடகக்காரர்களிடம் கையை மறந்துவிட்டுப் பாதத்தை முதலில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். 1950இல்தான் பென்னும் லிசாவும் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தப் பாரிஸ் படங்களில் ஒருவருக்கொருவர் இருக்கும் நம்பிக்கையை நான் அதோடு சேர்த்தே பார்க்கிறேன். பிற்காலத்தில் அவர் சிற்பம் செய்தார்.

புத்தகத்தைத் தாராளமாக வாங்குங்கள். மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் வெளியிட்டது, கட்டுரைகள் நன்றாக இருக்கின்றன. பிளாட்டினம் செய்முறையும் அதில் இருக்கிறது. ஆனால் கருப்புக் கையின் உள்மடிப்பைச் சுவரில் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்ட பிறகு கடைக்குப் போய் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். புத்தகத்தில் எந்த மடிப்பு வந்திருக்கிறது, எது வரவில்லை என்று தையல் தெரிந்த நீங்கள் இங்கே வந்து எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். வேறொரு வேலை நாளில், திறந்தவுடன் போய்விடுங்கள்.